ஆலைக் கேட்டுக்கு வெளியே ஒரு கணக்கு

1998-இல் ஜப்பானிலிருந்து மேற்குச் சென்னையின் பாடிக்கு ஒரு பரிசு வந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்யும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, அந்த ஆண்டு டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசை வாங்கிய முதல் நிறுவனம் அதுதான். 1951 முதல் வழங்கப்படும் அந்தப் பரிசு, எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளரின் பெயரைத் தாங்கியது. அவர் ஜப்பானிய ஆலைகளுக்குக் கற்றுக்கொடுத்ததன் சாரம் எளிமையானது. கெட்டுப்போன பொருளைக் கடைசியில் பொறுக்கி எறிவதால் தரம் வந்துவிடாது. பொருள் உருவாகும் ஒவ்வொரு படியையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளவு பிசகத் தொடங்கும்போதே அதைப் பிடித்துவிட வேண்டும்.

பாடி, அம்பத்தூர், ஆவடி வட்டாரத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா என்று வண்டியின் சக்கரத்தையும் மின்கருவியையும் பிரேக்கையும் செய்யும் ஆலைகள் பாடியில் வரிசையாக எழுந்தன. அதற்கு முன்பே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்துவிட்டது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. லேத் பட்டறை முதல் பெரிய ஆலை வரை, அங்கே வேலை பார்த்தவர்கள் மைக்ரோமீட்டரும் அளவு அட்டையும் கையுமாக மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள். இரும்புத் துண்டு கைநழுவி, யார் காலிலும் படாமல் தரையில் விழுந்தாலும் அதை ‘நியர் மிஸ்’ என்று பதிவேட்டில் எழுதச் சொல்வது இத்தகைய ஆலைகளின் வழக்கம். 1931-இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவன அதிகாரி எழுதிய நூலிலிருந்து வளர்ந்த பழக்கம் அது. ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே இல்லாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்று அவர் கணக்குச் சொன்னார். அந்த விகிதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்வந்தவர்கள் வாதிட்டார்கள். காயமில்லாத சம்பவத்தையும் எழுதிவை என்ற பழக்கம் மட்டும் நிலைத்தது.

ஆலைக் கேட்டைத் தாண்டி, இந்த வட்டாரத்தின் முதன்மைச் சாலையான எம்.டி.எச். சாலையில் கால் வைத்ததும் இந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது. டி.ஐ. சைக்கிள் நிறுத்தத்திலோ டன்லப் நிறுத்தத்திலோ இறங்கிச் சாலையைக் கடக்கும் ஒருவர், தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே மயிரிழையில் தப்பினால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவர் அடிபட்டு, போலீஸ் வந்து, எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் ஏறும்.

இந்த வட்டாரம் எப்போதும் கடந்துபோகும் பாதையாகவே இருந்திருக்கிறது. பூந்தமல்லி வழியே மேற்கே போகும் டிரங்க் ரோடு, கம்பெனிக் காலத்திலிருந்தே சென்னையைக் காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரோடு இணைத்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வயல்வெளிகளைத் தாண்டித்தான் போனது. ரயில் வந்தபோதே ஒரு விதியும் வந்தது. தண்டவாளம் வண்டிக்கு உரியது. மனிதர் கேட் மூடியிருந்தால் காத்திருக்க வேண்டும். சாலைக்கு அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. மாட்டுவண்டி, சைக்கிள், தலைச்சுமைக்காரர், லாரி எல்லாரும் ஒரே தாரில் நடந்தார்கள், ஓடினார்கள்.

ஆலைகள் பெருகியபோது அந்தத் தாரின் மேல் புதிய நெரிசல் ஏறியது. சங்கு ஊதி ஷிப்ட் விட்டால் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்பார்கள். பிறகு சாலைகள் அகன்றன. தங்க நாற்கரத் திட்டத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலை விரிந்தது. மதுரவாயலிலும் பாடியிலும் வளைவுப் பாலங்கள் வந்தன. அம்பத்தூரைத் தொட்டுக்கொண்டு சென்னை பைபாஸும், ஆவடியையும் பூந்தமல்லியையும் சுற்றிக்கொண்டு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு விரிவும் வண்டிக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. நடப்பவருக்குக் கடக்கவேண்டிய தூரத்தைக் கூட்டியது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நடைக்கும் சைக்கிளுக்கும் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு ஒதுக்குவதாக அந்த மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கையை ஏற்றது. காகிதத்தில் அது நாட்டுக்கே முன்மாதிரி. எம்.டி.எச். சாலையின் நடைபாதையில் நடந்து பார்ப்பவருக்கு அந்தக் கொள்கை இன்னும் வந்து சேரவில்லை என்பது தெரியும்.

சாலையில் ‘நியர் மிஸ்’ எழுதும் முறையும் ஆலைச் சூழலில்தான் பிறந்தது. 1967-68-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த பெர்கின்ஸும் ஹாரிஸும் சாலைச் சந்திப்புகளில் நின்று வண்டிகளைக் கவனித்தார்கள். தங்கள் நிறுவனத்தின் கார்கள் மற்றக் கார்களிலிருந்து வேறுபட்ட விதத்தில் ஓடுகின்றனவா என்று அறிவதே நோக்கம். ஓட்டுநர் திடீரென்று பிரேக் மிதித்தால் பின்விளக்கு எரியும். சட்டென்று ஒடித்தால் வண்டி தடம் மாறும். அப்படி ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டார்கள். மோதல் நடக்கவில்லை, நடந்திருக்கக்கூடும். அந்தக் கோடுதான் போக்குவரத்து மோதல்நிலை ஆய்வின் முதல் பதிவு.

அங்கிருந்து அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அறிவியலாக வளர்ந்தது. 1972-இல் ஹேவர்ட் என்ற ஆய்வாளர், மோதலுக்கு எஞ்சிய நேரம் என்ற அளவைக் கொடுத்தார். இருவரும் இப்போதைய வேகத்திலும் திசையிலும் தொடர்ந்தால் எத்தனை நொடியில் மோதுவார்கள் என்பதே அது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு 1.5 நொடி என்றால் ஏறக்குறைய 17 மீட்டர். 1.5 நொடிக்குக் கீழே போனால் ஆபத்து என்று பல ஆய்வுகள் கோடு கிழித்தன. 1977-இல் ஆஸ்லோவில் கூடிய ஆய்வாளர்கள் மோதல்நிலைக்குப் பொதுவான வரையறை வகுத்தார்கள். 1978-இல் இன்னொரு அளவு வந்தது: நடப்பவர் ஓர் இடத்தை விட்டு நீங்கியதற்கும் வண்டி அதே இடத்தை வந்தடைந்ததற்கும் இடையே எத்தனை நொடி? சுவீடனின் லண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹைடன், பயிற்சி பெற்ற ஆட்களைச் சாலையோரம் நிறுத்தி, யார் ஒதுங்கினார், எந்த வேகத்தில் ஒதுங்கினார் என்று கண்ணாலேயே கணிக்கவைத்தார். 1983-இல் மால்மோ நகரில் பல நாட்டுக் குழுக்கள் ஒரே சந்திப்புகளைத் தத்தம் முறையில் அளந்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தன.

இந்த எண்ணிக்கையிலிருந்து வராத விபத்தை எப்படிக் கணிப்பது? அதற்கும் வழி கிடைத்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கு நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தை, முப்பது நாற்பது ஆண்டு மழைக்கணக்கை வைத்து மதிப்பிடும் புள்ளியியல் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டின் உச்ச அளவை மட்டும் எடுத்து, அந்த உச்சங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்து, இதுவரை காணாத உச்சத்தின் வாய்ப்பைச் சொல்வது அதன் வேலை. 2006-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் சோங்சித்ருக்ஸாவும் டார்கோவும் அதே கணிதத்தைச் சாலைச் சந்திப்புக்குக் கொண்டுவந்தார்கள். இடைவெளி இரண்டு நொடி, ஒரு நொடி, அரை நொடி என்று சுருங்கும் தருணங்களை அளந்தால், அது பூஜ்யமாகும் வாய்ப்பை மதிப்பிடலாம். பூஜ்யம் என்பது மோதல். ஆண்டுக்கணக்கில் சாவுகள் சேரும்வரை காத்திராமல், சில நாள் படக்காட்சியிலிருந்தே ஒரு சந்திப்பின் ஆபத்தைச் சொல்லிவிட இந்த வழி உதவுகிறது.

காத்திருப்பதன் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. இவற்றில் ஒவ்வொன்றும் நடந்து முடிந்த பிறகு எழுதப்பட்டது. இந்த எழுத்திலும் தமிழ்நாடு பின்தங்கவில்லை. விபத்துப் பதிவுக்கென்று தனிக் கணினி முறையை மாநிலம் முன்பே வைத்திருந்தது. நாடு முழுமைக்குமான ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தை உருவாக்கியதும் சென்னை ஐ.ஐ.டி.தான். ஆனால் இரண்டுமே அடிபட்ட பிறகு தொடங்கும் பதிவேடுகள்.

அடிபடும் முன்பே எடுக்கும் கணக்கு, ஓட்டுநரில்லா வண்டிகள் வரும்போது இன்னும் அவசியமாகும். அத்தகைய வண்டி என்றதும் கலிஃபோர்னியாவை நினைப்பது வழக்கம். மேற்குச் சென்னைக்கு அது அத்தனை தூரமில்லை. 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடியில் இருக்கிறது. அதே ஊரில்தான் அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த போர் வாகன ஆய்வு நிலையமான சி.வி.ஆர்.டி.இ.யும் இருக்கிறது. 2017 ஜூலையில், அப்துல் கலாம் நினைவாக நடந்த கண்காட்சியில் அந்த நிலையம் ‘முந்த்ரா’ என்ற ஆளில்லாச் சங்கிலிச் சக்கர வண்டியைக் காட்டியது. வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடி கண்டுபிடிக்க ஒன்று, அணுக்கதிர் பரவிய இடத்துக்குள் போக ஒன்று என மூன்று வகை. உள்ளே ஆளில்லை, தொலைவிலிருந்து ஒருவர் இயக்குவார். ராஜஸ்தானின் மகாஜன் சுடுதளத்தில் அது சோதிக்கப்பட்டது. அங்கே குறுக்கே நடக்க யாருமில்லை.

பூந்தமல்லிக்கு 2024 அக்டோபரில் இன்னொன்று வந்தது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டாம் நிறுவனம் செய்த ஓட்டுநரில்லா ரயில், பூந்தமல்லி பணிமனைக்குள் ஓடத் தொடங்கியது. 2025 மார்ச் 20-ஆம் தேதி பூந்தமல்லிக்கும் முல்லைத் தோட்டத்துக்கும் இடையே உயர்பாதையில் சோதனை ஓட்டம் நடந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர் நீளும் தடம் அது. இந்த வட்டாரத்தில் ரயில் மனிதரின் தலைக்கு மேலே போகிறது. நடைமேடை ஓரத்தில் தானியங்கிக் கதவுகள் மறிக்கின்றன. பாதுகாப்பு உறுதியானதுதான். 1856-இல் தண்டவாளம் சொன்ன அதே விதியின் முழு வடிவம் இது: இயந்திரத்தையும் மனிதரையும் பிரித்து வை.

சாலையில் அப்படிப் பிரிக்க முடியாது. அங்கே இயந்திரம் மனிதரைக் கண்டுகொண்டாக வேண்டும். கண்டும் புரிந்துகொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச் 18 இரவு அமெரிக்காவின் டெம்பே நகரம் காட்டியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்ணை, உபெர் நிறுவனத்தின் தானோட்டச் சோதனைக் கார் மோதிக் கொன்றது. உள்ளே கண்காணிப்புக்கு அமர்ந்திருந்தவரின் கவனம் கைபேசியில் இருந்தது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்தது அதைவிட அச்சம் தருவது. மோதலுக்கு 5.6 நொடிக்கு முன்பே, நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தூரத்திலேயே, கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் அவரை வண்டி என்றும், அடையாளம் தெரியாத பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தின. வகை மாறியபோதெல்லாம் அவர் அதுவரை வந்த பாதையின் கணக்கும் அழிந்தது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் கடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளின் வடிவமைப்பில் இல்லை.

ஷிப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோடில்லாத இடத்தில் கடப்பதுதான் அம்பத்தூரின் அன்றாடம்.

2023 அக்டோபர் 2-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் மனிதர் ஓட்டிய ஒரு கார் மோதித் தூக்கி எறிந்த ஒரு பெண், க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சியின் முன்னே விழுந்தார். அந்த டாக்சி அவர்மேல் ஏறி நின்றது. பிறகு ஓரம் கட்டுவதாக எண்ணிச் சுமார் ஆறு மீட்டர் அவரை இழுத்துக்கொண்டு போனது. கலிஃபோர்னியா அதன் அனுமதியை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உரிமையாளர் அந்த டாக்சித் தொழிலையே கைவிட்டார். அந்த உரிமையாளர் ஜெனரல் மோட்டார்ஸ். மோதாமல் தப்பிய தருணங்களை எண்ணும் முறையை 1960-களின் இறுதியில் உலகுக்குக் கொடுத்த அதே நிறுவனம்.

விபத்துகளை மட்டும் எண்ணி இந்தக் கார்களை நம்பலாமா என்று முடிவெடுப்பது இயலாது என்பதை 2016-லேயே ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. மனிதரைவிட மோசமில்லை என்று சாவுக்கணக்கால் நிறுவ, ஏறக்குறைய 44 கோடி கிலோமீட்டர் ஒரு சாவும் இல்லாமல் ஓட வேண்டும். நூறு கார்கள் இரவு பகலாக ஓடினாலும் அதற்குப் பன்னிரண்டரை ஆண்டு ஆகும். மோதல்நிலைகளை எண்ணுவதோ சில நூறு மணி நேர ஓட்டத்திலேயே பேசத் தொடங்குகிறது. 2016 ஆகஸ்டில் ஓட்டுநரில்லா டாக்சியைப் பொதுமக்களோடு சோதிக்கத் தொடங்கிய சிங்கப்பூரில் இதற்கான மூலப்பொருள் உருவானது. அங்கும் பாஸ்டனிலும் பதிவான, ஒவ்வொன்றும் 20 நொடி நீளமுள்ள ஆயிரம் காட்சிகள் 2019-இல் ஆய்வுக்கென வெளியிடப்பட்டன. கார் எங்கே, நடப்பவர் எங்கே, எத்தனை வேகம் என்று நொடிக்கு நொடி குறித்த இத்தகைய தொகுப்புகளை வைத்தே தானோட்டக் காரின் அருகே நடப்பவருக்கு எஞ்சும் இடைவெளியை இன்று அளக்கிறார்கள்.

அந்த அளவுகோலை அப்படியே பூந்தமல்லிக்குத் தூக்கி வந்தால் தவறான விடைதான் வரும். இங்கே நெருக்கம் இயல்பு. ஐ.ஐ.டி. பம்பாயின் ரகுராம் கடாலி, வேதகிரி ஆகியோரின் ஆய்வுகள், இந்திய நகரங்களில் நடப்பவர் எல்லாத் தடங்களும் காலியாகும்வரை காத்திருப்பதில்லை என்பதைப் பதிவு செய்தன. முதல் தடத்தில் கிடைக்கும் இடைவெளியில் புகுந்து, நடுவில் நின்று, அடுத்த இடைவெளியைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோகிறார். கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொல்கிறார். ஓட்டுநர் கண்ணைப் பார்க்கிறார். 1.5 நொடியை ஆபத்துக் கோடாக வைத்தால் இங்கே நாள் முழுவதும் ஆபத்து என்றே பதிவாகும்; எது உண்மையில் உயிர்போகும் நொடி என்பது அந்தக் குவியலில் மறைந்துவிடும். இந்த ஊரின் கோட்டை இந்த ஊரில்தான் கிழிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒதுங்கியது யார்? எம்.டி.எச். சாலையில் பெரும்பாலும் ஒதுங்குபவர் நடப்பவர்தான். முதியவர் பின்வாங்குகிறார், பள்ளிப் பிள்ளை ஓடுகிறது, பூக்காரம்மா கூடையோடு நின்றுவிடுகிறார். இயந்திரக் கார் ஒன்று வேகத்தைக் குறைக்காமலே வந்து, நடப்பவர் பயந்து விலகியதால் இடைவெளி மூன்று நொடியாக நின்றால், வெறும் எண்ணில் அது பாதுகாப்பான சந்திப்பு. அந்த மதிப்பெண் காருக்குச் சேரக்கூடாது. சுவீடனின் பழைய முறை, விலகியவர் யார், எந்த வேகத்தில் என்பதையும் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கேமராவும் கணினியும் வந்த பிறகு நொடிகள் நுட்பமாகின. அந்தக் கேள்வியையும் அவற்றோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநரில்லாக் காரை இந்தியாவுக்குள் விடமாட்டோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் சொன்னார். ஓட்டுநர்களின் வேலை பறிபோகும் என்பது அவர் சொன்ன காரணம். நியாயமான கவலை. ஆனால் பாதி தானோட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவான எக்ஸ்.யூ.வி. 700 போன்ற கார்கள், 2021 முதல் தாமாகவே பிரேக் பிடிக்கும் வசதியோடு விற்பனையாகின்றன. ஐதராபாத்தின் ஐ.ஐ.ஐ.டி. இந்தியச் சாலைகளில் எடுத்த பத்தாயிரம் படங்களில் ஆட்டோவையும் விலங்குகளையும் வகைப்படுத்தி இயந்திரத்துக்குக் கற்பிக்கத் தொகுத்திருக்கிறது. ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் 2022 முதல் தானோட்ட வண்டிகளுக்கென்றே ஒரு சோதனைத் தளம் இயங்குகிறது. முழு ஓட்டுநரில்லாக் கார் எந்த ஆண்டு பூந்தமல்லிக்கு வந்தாலும், அது வருவதற்கு முன் இந்தச் சாலைகள் எப்படி இருந்தன என்ற கணக்கு கையில் இல்லாவிட்டால், அதனால் நிலைமை தேறியதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கணக்கை எடுக்க இந்த வட்டாரத்தில் எதற்கும் குறைவில்லை. 2022 ஜனவரி முதல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஆவடி போலீஸ் ஆணையரகத்தின் கீழ் ஒன்றாக வந்துவிட்டன. சந்திப்புகளில் கேமராக்கள் இருக்கின்றன. இன்று அவை அபராதம் போடவும் திருடனைப் பிடிக்கவும் பயன்படுகின்றன. அதே படத்திலிருந்து வண்டியையும் நடப்பவரையும் பிரித்தெடுத்து இடைவெளியை நொடியில் கணக்கிடும் மென்பொருள், இன்று பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. முகத்தை மறைத்துவிட்டு அசைவை மட்டும் எடுத்தால் போதும்.

தொடங்கச் சரியான இடம் மெட்ரோ தடம்தான். காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி, முல்லைத் தோட்டம் என்று ஒவ்வொரு நிலையத்தின் படியும், மேலே பத்திரமாக வந்த பயணியைக் கீழே மவுண்ட்–பூந்தமல்லி சாலையின் ஓரத்தில் இறக்கிவிடும். அந்தப் படிகளின் அடியில் மழை நாள், முகூர்த்த நாள், பள்ளி விடும் நேரம், இரவு ஷிப்ட் முடியும் நேரம் என்று பிரித்து ஒரு மாதம் படம் எடுக்க வேண்டும். எந்த நிலையத்தில் எத்தனை பேர் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் தப்பினார்கள், எத்தனை முறை வண்டி நின்றது, எத்தனை முறை மனிதர் ஓடினார் என்ற பட்டியலை மாநகராட்சி, நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, போலீஸ் நான்கும் சேர்ந்து பொதுமக்கள் பார்க்க வெளியிட வேண்டும். முதலில் அது எங்கே சிக்னல் வேண்டும், எங்கே மேடு வேண்டும், எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்லும். பின்னொரு நாள் ஒரு நிறுவனம் தன் தானோட்டக் காரோடு அனுமதி கேட்டு வரும்போது, உங்கள் கார் இதைவிடக் குறைவாக எங்கள் மக்களை ஓட வைக்கிறதா என்று கேட்க அரசிடம் ஓர் எண் இருக்கும்.